முதலில் கைப்பட்டையைப் பாருங்கள்: நோர்டிக் நடைக்குக் கோல் வாங்குவது

ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ பெர்லினிலோ ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குள் போனால், மலையேற்றக் கோல்களும், இரு கையிலும் கோல் பிடித்துத் தரையைப் பின்னால் தள்ளி நடக்கும் நோர்டிக் நடைக்கான கோல்களும் அருகருகே தொங்குவதைப் பார்க்கலாம். தண்டு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும், நிறமும் அப்படியே. விலையை வைத்தும் எது எது என்று பிரிக்க முடியாது. வாங்க வந்தவர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்: எடை குறைவா, கார்பனா. அந்த இரண்டையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது கோலின் தலையில் தொங்கும் பட்டை. அது சாதாரண வளையமாக இருந்தால் அது மலையேற்றக் கோல். பெருவிரலுக்குத் தனித் துளையோடு, விரல் பகுதி இல்லாத அரைக் கையுறை போல உள்ளங்கையைச் சுற்றிப் பிடிப்பதாக இருந்தால் அது நோர்டிக் நடைக் கோல்.

இந்த வேறுபாடு எதற்கு என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாத் தேர்வுகளும் எளிதாகிவிடும். மலையேற்றக் கோல் உடலுக்கு முன்னால் ஊன்றப்படுவது. செங்குத்தான இறக்கத்தில் உடல் எடையைத் தாங்கும், வழுக்கும் கல்லில் சமநிலை தரும். நோர்டிக் நடையில் கோல் உடலுக்கு முன்னால் போகவே போகாது. அதன் முனை முன்னே வைத்த பாதத்துக்கும் பின்னே உள்ள பாதத்துக்கும் நடுவே, பின்னோக்கிச் சாய்ந்த நிலையில் தரையைத் தொடும். அங்கிருந்து கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகும்வரை தரையைத் தள்ளும். தள்ளி முடிக்கும் இடத்தில் விரல்கள் திறந்துவிடும். அந்தக் கணத்தில் கோலைப் பிடித்திருப்பது கை அல்ல, பட்டைதான். ஊன்றி நடப்பதற்கு ஒரு கோல் என்றால் இது தள்ளி நடப்பதற்கான கோல்.

இது பனிச்சறுக்கிலிருந்து வந்த பழக்கம். பின்லாந்தில் நெடுந்தொலைவுச் சறுக்கு வீரர்கள் பனியில்லாத மாதங்களில் கோல்களோடு நடந்தும் மேடேறியும் பயிற்சி செய்வார்கள். 1960களில் லேனா யாஸ்கெலைனன் என்ற உடற்கல்வி ஆசிரியர் மாணவர்களுக்குக் கோல் நடையைக் கற்பித்தார். 1979இல் பயிற்றுநர் மௌரி ரெப்போ சறுக்குப் பயிற்சியின் ஒரு பகுதியாக அதை எழுதிவைத்தார். பொதுமக்களுக்கு என்றே செய்த கோல் 1997இல்தான் வந்தது. விளையாட்டுப் பயிற்றுநர் மார்கோ கந்தனேவா நடக்கும் முறையை எழுத, எக்ஸல் என்ற பின்லாந்து நிறுவனம் கோலைத் தயாரித்து விற்றது. பின்னிஷ் மொழியில் இதற்குப் பெயர் சௌவாகேவேலு. 'சௌவா' என்றால் கோல், 'கேவேலு' என்றால் நடை. நோர்வேயில் ஸ்டாவ்காங் என்பார்கள், பொருள் அதேதான். சறுக்குக் கோலின் பட்டை, சறுக்குக் கோலின் மெல்லிய கைப்பிடி, சறுக்குக் கோலின் லேசான அடிப்பகுதி ஆகிய மூன்றும் நீளத்தில் மட்டும் குறைந்து இங்கே வந்திருக்கின்றன.

அதனால் வீட்டு நிலவறையில் கிடக்கும் பழைய சறுக்குக் கோலையே எடுத்துக்கொண்டு நடக்கலாமே என்று சிலர் கேட்பது இயல்பு. முடியாது. பழம்பாணிச் சறுக்குப் போட்டிகளில் கோலின் உச்ச அளவு உயரத்தில் 83 சதவீதம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 141 செ.மீ. வரை போகும். அவருக்கு நடைக்குத் தேவை 115 செ.மீ. மட்டுமே. இந்த இடைவெளியைப் பழக்கத்தால் ஈடுகட்ட முடியாது.

பட்டை

கையைப் பட்டைக்குள் நுழைத்து இறுக்கியதும், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டைப் பாருங்கள். அது கைப்பிடியை ஒட்டி உட்கார வேண்டும். இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தால், ஒவ்வொரு தள்ளலிலும் கை முதலில் அந்த இடைவெளியைக் கடந்து கீழே வழுக்கும், பிறகுதான் விசை கோலுக்குப் போகும். விரலைத் திறந்தால் கைப்பிடி கையைவிட்டு விலகித் தொங்கும். அதைத் திரும்பப் பிடிக்க விரல்கள் தேட வேண்டிவரும். தேடிப் பழகிய கை, திறப்பதையே நிறுத்திவிடும். இப்படித்தான் ஒருவர் தெரியாமலேயே நாள் முழுவதும் கோலை இறுக்கிப் பிடித்து நடப்பவராக மாறுகிறார். பின்னால் வரும் மணிக்கட்டு வலிக்கும் முழங்கை வலிக்கும் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இறுக்கம் எவ்வளவு? மணிக்கட்டைச் சுற்றும் வெல்க்ரோவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி நுழையலாம், அதற்கு மேல் வேண்டாம். உள்ளங்கையின் குறுக்கே போகும் பகுதி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், சுருக்கம் விழக்கூடாது. மணிக்கட்டுப் பகுதியை அளவுக்கு மேல் இறுக்கினால் இருபது நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: உள்ளங்கையில் தளர்வு, மணிக்கட்டில் இறுக்கம். விசை போக வேண்டியது உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாக. மணிக்கட்டுப் பட்டை கோல் நழுவாமல் காப்பதற்கு மட்டும்.

பட்டைகள் இரண்டு மூன்று அளவுகளில் வரும். கடையில் கோலோடு மாட்டியிருப்பது பெரும்பாலும் நடுத்தர அளவு. சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதையே வெல்க்ரோவை முடிந்தவரை இழுத்து ஒட்டிச் சமாளிக்கிறார்கள். அது பொருந்தாது. பெருவிரல் துளை பெரிதாக இருந்தால் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கினாலும் கவடு கைப்பிடியில் உட்காராது. சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள். பட்டை மட்டும் தனியாகவும் கிடைக்கும். குளிர்காலத்தில் கையுறையோடு நடப்பவர் அந்தக் கையுறையை அணிந்துகொண்டே போட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய கையுறைக்கும் தடித்த கையுறைக்கும் ஓர் அளவு வேறுபடும்.

இடது, வலது குறிக்கப்பட்டிருக்கும். மாற்றி அணிந்தால் பெருவிரல் முறுகும், பட்டையின் தையல் கவட்டில் உராயும், கொப்புளம் வரும். கடையில் அவசரத்தில் மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு 'இந்தக் கோல் எனக்கு ஒத்துவரவில்லை' என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கழற்றக்கூடிய பட்டையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைப்பிடியின் உச்சியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பட்டை கையிலேயே இருக்க, கோல் மட்டும் விடுபடும். தண்ணீர் குடிக்க, மூக்குத் துடைக்க, தொலைபேசி எடுக்க ஒவ்வொரு முறையும் வெல்க்ரோவைப் பிரித்து ஒட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியின் லெக்கி, நோர்வேயின் ஸ்விக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தமக்கென்று ஒரு பொறிமுறை வைத்திருக்கின்றன. ஒன்றின் பட்டை மற்றதன் கோலில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலேயே பழைய தலைமுறைப் பட்டை புதிய கைப்பிடியில் நுழையாமல் போகலாம். மாற்றுப் பட்டை வாங்கப்போகும்போது கோலையும் எடுத்துச் செல்லுங்கள். கழற்றக்கூடிய வகையில் இன்னொரு நன்மை, விழும்போது கோலோடு கை சிக்கி முறுகும் ஆபத்து குறைவு. சில வகைகளில் மேல்நோக்கி இழுபட்டால் தானே விடுபடும் அமைப்பும் உண்டு.

நீளம்

கணக்கு எளியது. உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி 0.68ஆல் பெருக்குங்கள். 150 என்றால் 102, 165 என்றால் 112, 180 என்றால் 122. நீளம் மாறாத கோல்கள் 5 செ.மீ. இடைவெளியில் வருவதால் இவை 100, 110, 120 ஆகும். இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்பவர்தான் யோசிக்க வேண்டும். 160 செ.மீ. உயரத்துக்கு 108.8 வருகிறது: 105ஆ, 110ஆ? புதிதாகத் தொடங்குபவர், தோள்பட்டை இறுகியவர், வயதானவர், மெதுவாக நடப்பவர் எல்லோரும் 105ஐ எடுப்பது நல்லது. ஏற்கனவே நன்றாக நடப்பவர், நீண்ட எட்டு வைப்பவர், மேடுகளில் வேகம் எடுப்பவர் 110க்குப் போகலாம். பயிற்றுநர்கள் தொடக்கக்காரருக்கு 0.66 என்றும் வேகமாகப் போகிறவருக்கு 0.70 என்றும் கணக்கிடுவது இதனால்தான்.

ஆனால் பெருக்கல் கையின் நீளத்தையும் காலின் நீளத்தையும் அறியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உடல் நீளம், மற்றவருக்குக் கால் நீளம். எனவே கணக்கில் வந்த கோலை எடுத்து, நடக்கும்போது போடும் அதே காலணியோடு நின்று, முனையைப் பாதத்தின் பக்கத்தில் ஊன்றி, கோலை நிமிர்த்திப் பிடியுங்கள். மேற்கை உடலை ஒட்டியிருக்கட்டும். முழங்கை செங்கோணத்தில் இருக்க வேண்டும், அல்லது அதைவிடச் சற்று விரிந்திருக்கலாம். செங்கோணத்தைவிடக் குறுகி, மணிக்கட்டு முழங்கையைவிட மேலே போனால் கோல் நீளம். முன்கையின் அளவை வைத்துப் பார்த்தால் 5 செ.மீ. என்பது முழங்கையில் 8, 9 பாகை வேறுபாடு. சிறிதாகத் தோன்றும். ஆனால் ஒரு மணி நேர நடையில் ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 3000 முறை அந்தக் கோணத்துக்குப் போய்வருகிறது.

ரப்பர் பாதம் மாட்டினால் கோல் 1 முதல் 2 செ.மீ. வரை நீளும். தார்ச்சாலையில்தான் நடக்கப்போகிறீர்கள் என்றால் அதை மாட்டிவைத்தே அளந்து பாருங்கள்.

தவறான நீளம் உடலில் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது கடையில் தெரியாது, இரண்டாம் வாரத்தில்தான் தெரியும். நீளம் அதிகமானால் கோலை முன்னே கொண்டுவர ஒவ்வொரு முறையும் தோளைத் தூக்க வேண்டும். கழுத்தின் பக்கத் தசைகள் மாலையில் கல்லாக இறுகும். முனை பின்னால் சாயாமல் நேராக விழுவதால் தள்ளுவதற்குப் பதில் முட்டும், முழங்கைக்கு அதிர்ச்சி போகும். நீளம் குறைந்தால் உடல் முன்னோக்கிக் குனியும், கை இடுப்பருகிலேயே நின்றுவிடும், எட்டு சுருங்கும். வலி இடுப்பின் பின்புறத்தில் வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமென்றால் சற்றே குட்டையான கோலையே எடுங்கள். அதில் குனிவதைத் திருத்திக்கொள்ளலாம், நீளமான கோலில் தோளைத் தாழ்த்த வழியே இல்லை.

தண்டும் எடையும்

அலுமினியமா, கார்பனா என்ற கேள்விக்கு விடை எங்கே நடக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கடினமான தரையில் முனை படும்போது எழும் அதிர்வை அலுமினியம் கைவரை கொண்டுவரும். கார்பன் இழை கலந்த தண்டு அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நகரத்துத் தார்ச்சாலையிலேயே பெரும்பாலும் நடப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. காட்டுமண், பைன் ஊசி பரவிய பாதை, பனி என்றால் அலுமினியமும் போதும்.

'கார்பன்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல கோல்களில் பெரும்பகுதி கண்ணாடி இழை, கார்பன் 10 அல்லது 20 சதவீதம்தான். விகிதம் தண்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கார்பன் கூடக்கூடத் தண்டு லேசாகும், விறைப்பாகும். முழுக் கார்பன் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லமாட்டேன். நடுத்தர விகிதமுள்ள தண்டு சற்று வளைந்து கொடுக்கும், தொடக்கக்காரரின் கைக்கு அது இதமாக இருக்கும்.

உடையும் விதமும் வேறு. அலுமினியம் வளையும், வளைந்ததைக் கண்டு மாற்றிவிடலாம். கார்பன் நீளவாக்கில் வலிமையானது, பக்கவாட்டில் விழும் கூர்மையான அடி அதற்கு ஆகாது. பாறை இடுக்கில் முனை சிக்கி உடல் முன்னே போய்விட்டால் எச்சரிக்கையின்றி முறியும். கார் கதவில் நசுங்கியது, கல்லில் உராய்ந்து இழை தெரிய ஆழமான கீறல் விழுந்தது, இவற்றில் எதுவானாலும் அந்தக் கோலை மேட்டிலும் பனிக்கட்டியிலும் நம்பக்கூடாது.

எடையைப் பொறுத்தவரை, மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பதே கையைக் களைப்பாக்கும். நீளம் மாறாத கோல் ஒன்று 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். ஒரே எடையுள்ள இரண்டு கோல்களைக் கைப்பிடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அடிப்பகுதி மெலிந்தது தானாகத் திரும்பிவரும், அடியில் கனத்தது கையை இழுக்கும். நோர்டிக் கோலில் தண்டு மேலே தடித்துக் கீழே போகப்போக மெலிவது இதற்காகத்தான்.

அதிர்ச்சி தாங்கும் சுருள்வில் உள்ள கோல்களை இந்த நடைக்கு வாங்காதீர்கள். நீங்கள் தள்ளும் விசையில் ஒரு பகுதியை வில் விழுங்கிவிடும், கோல் தரையைவிட்டு எழும்போது ஒரு குலுக்கலும் வரும்.

கைப்பிடி மெல்லியதாக இருக்க வேண்டும், சுண்டுவிரல் தாங்குவதற்கான பெரிய திட்டு எதுவும் வேண்டாம். பட்டையே கையைத் தாங்குகிறது. தக்கைக் கைப்பிடி வியர்வையை உறிஞ்சும், கோடையிலும் வழுக்காது, குளிரில் சில்லென்று இருக்காது. வெறும் பிளாஸ்டிக் கைப்பிடி வியர்த்த கையில் வழுக்கும், வழுக்குவதால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லும்.

நீளம் மாற்றும் கோல் வேண்டுமா?

ஒருவர் மட்டும் பயன்படுத்துவது, வீட்டு வாசலிலிருந்தே நடப்பது என்றால் நீளம் மாறாத ஒற்றைத்தண்டுக் கோல்தான் சிறந்தது. லேசாக இருக்கும், சத்தமிடாது, வழியில் சுருங்கிப்போகாது. வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்வது, வளரும் பிள்ளைகள், அடிக்கடி ரயிலிலும் விமானத்திலும் பயணம் என்றால் மாற்றும் கோலை வாங்கலாம். அதிலும் மூன்று துண்டைவிட இரண்டு துண்டுக் கோல் உறுதி, ஒரு பூட்டுக் குறைவு என்பதால் அடிப்பகுதியும் லேசு. விமானத்தில் கோல்களைக் கைப்பையோடு உள்ளே விடுவது அரிது, பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பூட்டில் இரண்டு வகை. வெளியே நெம்பு உள்ளது, உள்ளே விரிந்து இறுகும் திருகு உள்ளது. நெம்புப் பூட்டு எனக்குப் பிடித்தது. தளர்ந்தால் அதன் சிறு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், கையுறையோடும் இயக்கலாம். திருகுப் பூட்டு நேர்த்தியாகவும் லேசாகவும் இருக்கும். ஆனால் தூசியும் ஈரமும் உள்ளே போனால் வழுக்கத் தொடங்கும், கோல் நடுவழியில் மெல்லச் சுருங்கும். அப்போது எண்ணெய் விடுவதுதான் மக்கள் செய்யும் தவறு. எண்ணெய் விட்டால் பிடிப்பு முழுதும் போய்விடும். துண்டுகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் குழாயின் உட்புறத்தையும் விரியும் பிளாஸ்டிக் பகுதியையும் துடைத்து, காற்றில் உலரவிட்டு மறுபடி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்டில் ஒரு 'நிறுத்து' கோடு இருக்கும், அதைத் தாண்டி இழுத்துப் பூட்டினால் பிடிப்புக்கு வேண்டிய நீளம் உள்ளே இருக்காது, தண்டு அங்கே முறியும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். உங்கள் நீளத்துக்குப் பூட்டி, பட்டைக்குள் கையை வைத்து, உடல் எடையில் பாதியாவது கோலின் மேல் போகும்படி நேராக அழுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் அது வேண்டாம். பிறகு கோலை லேசாகத் தரையில் தட்டுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் அந்தச் சத்தம் ஒவ்வொரு அடியிலும் கூடவே வரும்.

முனையும் ரப்பர் பாதமும்

நோர்டிக் கோலின் முனை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான உலோகப் பொருளால் ஆனது. மலையேற்றக் கோலில் அது நேராகவும் குழிந்தும் இருக்கும். இங்கே பின்னோக்கிச் சாய்வாக வெட்டப்பட்ட நகம் போல இருக்கும், ஏனெனில் கோலே சாய்ந்துதான் தரையைத் தொடுகிறது. மண், சரளை, புல், பனிக்கட்டி ஆகியவற்றில் இந்த நகம்தான் வேலை செய்யும். பனிக்கட்டியில் வழுக்கத் தொடங்கினால் நகத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனைப்பகுதி தண்டோடு சூட்டில் இளகும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நன்கு சூடான நீரில் சில நிமிடம் வைத்துத் திருகினால் கழன்றுவரும், புதியதை ஒட்டலாம். கார்பன் தண்டில் நெருப்பையோ வெப்பக்காற்றுத் துப்பாக்கியையோ காட்டாதீர்கள், பிசின் கெட்டுவிடும்.

தார்ச்சாலைக்கு ரப்பர் பாதம். பின்லாந்தில் இதற்கு அஸ்ஃபால்த்திதஸ்ஸு என்று பெயர், தார்ச்சாலையில் வைக்கும் விலங்குப் பாதம் என்று பொருள். உருவமும் அப்படித்தான், சிறிய காலணி போல ஒரு பக்கம் நீண்டிருக்கும். அந்த நீண்ட நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் புதியவர்களில் பாதிப்பேர் தவறுகிறார்கள். காலணி போல இருப்பதால் நடக்கும் திசையில் முன்னோக்கி வைக்கிறார்கள். அது பின்னோக்கி இருக்க வேண்டும். கோல் பின்னால் சாய்ந்து இறங்கும்போது அடிப்பாகம் முழுதும் தரையில் படியும். முன்னோக்கி இருந்தால் ஒரு விளிம்பு மட்டும் படும், வழுக்கும், சில வாரங்களில் ஒரு மூலை தேய்ந்துவிடும்.

பாதம் தானாகச் சுழன்று திசை மாறுவதும் உண்டு. உள்ளே ஈரமோ மணலோ புகுந்திருந்தால் பிடிப்பு குறைந்து இப்படி ஆகும். கழற்றி உலர்த்தி, திரும்பத் தள்ளி மாட்டுங்கள். முனை பாதத்தின் உள் அடியில் முட்டும்வரை போக வேண்டும், பாதி மாட்டிய பாதம் முதல் புல்வெளியிலேயே கழன்று தொலையும். ஒரு பாதம் தொலைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருந்தால் இரண்டு கோலும் ஒரே நீளமாக இராது. அடியில் ஓட்டை விழுந்து உலோகம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், வரிப்பள்ளம் மறைந்தாலே ஈரச்சாலையில் வழுக்கத் தொடங்கும்.

எங்கே கழற்றுவது? இலையுதிர்காலத்தில் நனைந்த இலைகள் அப்பிய பாதையில் ரப்பர் சோப்புப் போல வழுக்கும், அங்கே உலோகம்தான். பனிக்கட்டியிலும் அப்படியே, அல்லது அடியில் ஆணி பதித்த குளிர்காலப் பாதம் கிடைக்கும். மாறாக, பின்லாந்தின் சதுப்புநிலங்களில் போட்டிருக்கும் பலகைப் பாதைகளில் உலோக முனை பலகை இடுக்கில் சிக்கும், மரத்தையும் கிழிக்கும். அங்கே ரப்பர் மாட்டுங்கள். காடும் சாலையும் மாறிமாறி வரும் வழியில் ஒவ்வொரு முறையும் குனிந்து கழற்றுவது தொல்லை என்றால், ரப்பரைத் திருப்பினாலோ அழுத்தினாலோ உலோகம் வெளிவரும் இணைந்த முனை உள்ள கோல்களும் உள்ளன. சற்று அடிக்கனம் கூடும்.

கடையிலிருந்து வெளியே வருமுன்

இரண்டு கோலையும் பட்டையோடு மாட்டி, கைகளைத் தொங்கவிட்டு, கோல்களைப் பிடிக்காமல் பின்னால் இழுபட விட்டு முப்பது அடி நடந்து பாருங்கள். கால் எப்படிப் போகிறதோ அதற்கு எதிர்க்கை தானாக முன்னே வரும். சில அடிகளில் முனைகள் தாமாகவே தரையைக் கவ்வத் தொடங்கும். அப்போது கைப்பிடியை லேசாகப் பிடித்து, பின்னால் போகையில் விடுங்கள். விட்ட கைப்பிடி தேடாமலே கைக்குத் திரும்பி வருகிறதா? அதுதான் பட்டைக்கான தேர்வு. தோள் உயராமல் முனை பின்னால் விழுகிறதா? அதுதான் நீளத்துக்கான தேர்வு. கடைக்காரர் இந்த முப்பது அடிக்கு இடம் தரவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

இந்தத் தள்ளலுக்காக ஏன் இவ்வளவு பாடு என்றால், பலன் அதில்தான் இருக்கிறது. டல்லாஸ் நகரின் கூப்பர் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோலோடு நடந்தவர்கள் கோலின்றி நடந்ததைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிக ஆக்சிஜன் செலவிட்டார்கள், ஆனால் கூடுதல் சிரமத்தை உணரவில்லை. கோலைத் தரையில் வெறுமனே தட்டிக்கொண்டு நடந்தால் இந்தக் கூடுதல் வேலை நடக்காது. முழங்கால் சுமை குறையும் என்று விற்பனை அட்டைகளில் எழுதியிருப்பதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட அளவீட்டில் சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டின் சுமை குறையவில்லை. மூட்டுவலிக்காகக் கோல் தேடுபவர் மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ கேட்ட பிறகு தேர்ந்தெடுப்பதே சரி. அவருக்குத் தேவை ஒருவேளை எடையைத் தாங்கும் மலையேற்றக் கோலாக இருக்கலாம்.

பழைய கோல் வாங்குவதிலும் தவறில்லை, பழம்பொருள் சந்தைகளிலும் இணையத்திலும் நிறையக் கிடைக்கும். இரண்டும் ஒரே நீளமா என்று அருகருகே நிறுத்திப் பாருங்கள். தண்டில் நகத்தை ஓட்டிக் கீறல் தேடுங்கள். பூட்டைக் கழற்றி உள்ளே வெண்மையான அரிப்புப் பொடி இருக்கிறதா பாருங்கள். முனையின் நகத்தைத் தொட்டுப் பாருங்கள். பட்டையில் உப்பு ஏறி விறைத்திருந்தால் இளஞ்சூட்டு நீரில் கையால் கசக்கி உலர்த்தலாம், வெல்க்ரோவில் சிக்கிய நூலை ஊசியால் எடுக்கலாம். பிடிப்பே போயிருந்தால் அந்த வகைக்கு மாற்றுப் பட்டை இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். பட்டை கிடைக்காத கோலை இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.